படம் எந்தப் பத்தியைச் சேர்ந்தது? வேர்டு ஆவணங்களில் பட அமைப்பு

வேர்டு ஆவணத்தில் செருகப்படும் படத்தை, வேறு கட்டளை தராதவரை, அந்தச் செயலி ஓர் எழுத்தாகவே நடத்துகிறது. வரிக்குள் ‘அ’ எங்கே எப்படி உட்காருமோ, நான்கு அங்குல உயரமுள்ள புகைப்படமும் அங்கே அப்படியே உட்காரும். அந்த வரி மட்டும் நான்கு அங்குலத்துக்கு உயர்ந்துவிடும். படத்துக்கு முன்னால் ஒரு சொல்லைத் தட்டினால் படம் வலப்பக்கம் நகரும். என்டர் தட்டினால் அடுத்த வரிக்கு இறங்கும். மவுசால் பிடித்து இழுத்தாலோ நினைத்த இடத்துக்கு வராது. ஏதாவது இரண்டு எழுத்துகளுக்கு நடுவில்தான் போய் நிற்கும். மெனுவில் ‘இன் லைன் வித் டெக்ஸ்ட்’ என்று இருப்பது இந்த நிலைதான். படத்தை விருப்பம்போல் நகர்த்துவது எப்படி என்ற கேள்வி, பெரும்பாலானவர்களுக்கு இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

சென்னையின் மேற்குப் புறநகரில் அந்தக் கேள்வி அன்றாடப் பிழைப்போடு சேர்ந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964 முதல் இயங்கிவருகிறது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை 1961-ல் தொடங்கப்பட்டது. பூந்தமல்லியில் நீதிமன்றமும் சார்பதிவாளர் அலுவலகமும் இருக்கின்றன. அங்கிருந்து மேற்கே போகும் நெடுஞ்சாலையை ஒட்டிப் பொறியியல் கல்லூரிகள். எல்லாமே தாள் கேட்கும் இடங்கள். எனவே பேருந்து நிலையம், ரயில் நிலையம், அலுவலக வாசல் என்று எங்கும் ‘டி.டி.பி. – ஜெராக்ஸ் – ஸ்பைரல் பைண்டிங்’ பலகைகள். அந்தக் கடைகளின் கணினிக்கு வந்து சேரும் வேலைகளில் திருமண பயோடேட்டா, கிரயப் பத்திரம், கல்லூரி புராஜெக்ட் ரிப்போர்ட், தொழிற்சாலையின் செய்முறைத் தாள் ஆகிய நான்கும் உண்டு. நான்கிலும் படம் இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றிலும் படம் நடந்துகொள்ள வேண்டிய விதம் வேறு. ஒன்றுக்குச் சரியான அமைப்பு மற்றொன்றைக் கெடுத்துவிடும்.

கோளாறின் வேர் கொஞ்சம் பழையது. அச்சுக்கோப்புக் காலத்தில் படம் என்றால் ‘பிளாக்’. துத்தநாகத் தகட்டில் அமிலத்தால் அரித்தெடுத்த உருவத்தை மரக்கட்டையில் அறைந்து, ஈய எழுத்தின் உயரத்துக்குச் சமமாக்கி, எழுத்துகளோடு சேர்த்து இரும்புச் சட்டத்துக்குள் இறுக்குவார்கள். எழுத்தும் படமும் ஒரே சட்டத்தில் நெருங்கி நின்றதால் படத்துக்கு அதிகச் சுதந்திரம் இல்லை. ஆப்செட் அச்சு வந்தபின் நிலைமை மாறியது. கோத்த பகுதிகளைத் தனித்தனியாக வெட்டி, லேஅவுட் தாளில் பசைபோட்டு ஒட்டத் தொடங்கியதும், படம் எழுத்தின் மேல் ஏறலாம், ஓரத்தில் சாயலாம், மூலையில் தனியாக நிற்கலாம் என்றாயிற்று. ஆல்டஸ் நிறுவனம் 1985-ல் மக்கின்டாஷ் கணினிக்காக வெளியிட்ட பேஜ்மேக்கர், அந்த ஒட்டும் மேசையையே திரைக்குக் கொண்டுவந்தது. 1994-ல் அது அடோபியின் கைக்குப் போனது. 2001-ல் வந்த 7.0 கடைசிப் பதிப்பு. யூனிகோடு அறியாத செயலி அது. ஆனாலும் பாமினி, வானவில் வகை எழுத்துருக்களின் துணையோடு தமிழ்நாட்டு டி.டி.பி. கடைகளில் அதற்குப் பிறகும் நெடுங்காலம் அதுவே ஆண்டது.

பேஜ்மேக்கரில் பக்கம் முதலில் பிறக்கிறது. எழுத்தும் படமும் பிறகு அதன்மேல் வைக்கப்படுகின்றன. வேர்டின் வம்சாவளியோ தட்டச்சுப்பொறி. அங்கே எழுத்து ஒரே நீளமான ஓட்டம். தாளின் உயரம் முடியும் இடத்தில் செயலி அதை வெட்டுகிறது, அந்த வெட்டுதான் பக்கம். எழுத்துரு, அளவு, ஓரம், அச்சுப்பொறி என்று எது மாறினாலும் வெட்டு விழும் இடமும் மாறும். ‘ஐந்தாம் பக்கத்தின் வலது மேல்மூலை’ என்ற நிலையான இடம் வேர்டில் கிடையாது. இந்த நொடியில் ஐந்தாம் பக்கமாக இருப்பது, மூன்று வரி சேர்த்தால் ஆறாம் பக்கத்துக்கு வழிந்துவிடும். பேஜ்மேக்கரில் பழகிய கை வேர்டில் எரிச்சலடைவதற்குக் காரணம் திறமைக் குறைவு என்று சொல்ல முடியாது. தாளைப் பற்றி இரண்டு செயலிகளும் இரண்டு விதமாக நினைக்கின்றன.

வரியிலிருந்து படத்தை விடுவிப்பது எளிது. படத்தைத் தேர்ந்தெடுத்தால் அதன் வலது மேல்மூலையில் ‘லேஅவுட் ஆப்ஷன்ஸ்’ என்ற சிறு பொத்தான் தோன்றும். 2013 பதிப்பிலிருந்து இது இருக்கிறது. அதைத் திறந்தால் ‘ஸ்கொயர்’, ‘டைட்’, ‘த்ரூ’, ‘டாப் அண்ட் பாட்டம்’, ‘பிஹைண்ட் டெக்ஸ்ட்’, ‘இன் ஃபிரண்ட் ஆஃப் டெக்ஸ்ட்’ என ஆறு வழிகள். ஸ்கொயர் படத்தைச் சுற்றிச் செவ்வகமாக இடம் ஒதுக்குகிறது. டைட் படத்தின் வெளிக்கோட்டை ஒட்டியே எழுத்தை வளைக்கிறது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் குறுகிய இடைவெளியில் வரிக்கு ஒரு சொல் மட்டும் தொங்கி, பக்கம் பல்லிளிக்கும். த்ரூ அரிதாகவே தேவைப்படும். டாப் அண்ட் பாட்டம் படத்தின் இரு பக்கமும் எழுத்தை அனுமதிக்காது. கடைசி இரண்டும் எழுத்தைப் பொருட்படுத்தாமல் படத்தை அதன் கீழேயோ மேலேயோ கிடத்துகின்றன. இந்த ஆறில் எதைத் தேர்ந்தாலும் படத்தை இழுக்கலாம். கன்ட்ரோல் விசையோடு அம்புக்குறி விசைகளை அழுத்தினால் மிக நுண்ணிய அளவில் நகரும். ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு இழுத்தால் கண்ணுக்குத் தெரியாத கட்டக்கோடுகளில் ஒட்டிக்கொள்ளாது. எழுத்துக்குப் பின்னால் ஒளிந்து மவுசுக்குச் சிக்காத படத்தைப் பிடிக்க, ஆல்ட், எஃப்10 இரண்டையும் சேர்த்து அழுத்தினால் வரும் ‘செலக்‌ஷன் பேன்’ உதவும்.

அவசர வேலைக்கு இவ்வளவு போதும். ஆனால் இப்படி விடுவித்த படம் உண்மையில் விடுதலை பெறுவதில்லை. அது ஏதோ ஒரு பத்தியோடு கட்டப்பட்டிருக்கிறது. அந்தக் கட்டுக்கு வேர்டில் ‘ஆங்கர்’ என்று பெயர். பத்திக்குறிகளைக் காட்டும் பொத்தானை அழுத்திவிட்டுப் படத்தைத் தேர்ந்தெடுத்தால், ஒரு பத்தியின் ஓரத்தில் சிறு நங்கூரச் சின்னம் தெரியும். வேர்டின் மாறாத விதி இது: ஆங்கர் இருக்கும் பத்தி எந்தப் பக்கமோ, படமும் அந்தப் பக்கம். மேலே நான்கு வரி சேர்த்ததும் பத்தி அடுத்த பக்கத்துக்குப் போனால் படமும் கூடவே போகும். ஆங்கர் உள்ள பத்தியை அதன் முடிவுக்குறியோடு அழித்தால் படமும் அழிந்துபோகும். “படம் தானாகக் காணாமல் போச்சு” என்று கடைகளில் கேட்கும் புகார்களில் கணிசமானவை இந்த வகைதான். அழித்தவர் அழித்தது பத்தியைத்தான். அதில் படத்தின் கயிறு கட்டியிருந்ததை அவர் பார்க்கவில்லை.

படத்தை வேறொரு பத்தியின் அருகே இழுத்தால் ஆங்கரும் அங்கே தாவிவிடும். அப்படித் தாவாமல் நிறுத்த ‘லாக் ஆங்கர்’ என்ற தேர்வு உண்டு. அதன் பெயரைப் பார்த்துப் பலர் படமே பூட்டப்பட்டுவிட்டது என்று நம்பிவிடுகிறார்கள். பூட்டப்படுவது கட்டு மட்டும். படம் பத்தியோடு பயணம் செய்வது நிற்காது. ‘ஃபிக்ஸ் பொசிஷன் ஆன் பேஜ்’ என்பதும் பாதி உண்மைதான். பக்கத்துக்குள் படம் இருக்கும் உயரத்தை அது நிலைநிறுத்துகிறது. எந்தப் பக்கம் என்பதை இன்னும் ஆங்கர் பத்தியே முடிவு செய்கிறது. ஆகவே மேற்கண்ட நான்கு வரி சேர்ந்ததும், படம் அடுத்த பக்கத்தில் அதே உயரத்தில் போய் உட்காரும்.

இடத்தை எண்ணாலும் சொல்லலாம். ‘மோர் லேஅவுட் ஆப்ஷன்ஸ்’ பெட்டியில் கிடைமட்ட தூரத்தைத் தாளின் விளிம்பு, ஓரக்கோடு, பத்திவரிசை, எழுத்து ஆகியவற்றில் ஒன்றிலிருந்து அளக்கலாம். செங்குத்து தூரத்தைத் தாள், ஓரக்கோடு, பத்தி, வரி ஆகியவற்றிலிருந்து. கையால் இழுத்து வைத்த படம் கிடைமட்டத்தில் ஓர் அளவுகோலையும் செங்குத்தில் வேறோர் அளவுகோலையும் பிடித்திருக்கும், பத்திவரிசையிலிருந்து 3.2 செ.மீ., பத்தியிலிருந்து 1.7 செ.மீ. என்பதுபோல. ஒரே ஆவணத்தின் பத்துப் படங்கள் ஏன் பத்து விதமாக நகர்கின்றன என்பதற்கு விடை பெரும்பாலும் இந்தப் பெட்டியில் கிடைக்கும். கோப்புக்குள் இந்தத் தூரங்கள் ‘இஎம்யு’ என்ற அலகில் எழுதப்படுகின்றன: ஓர் அங்குலத்துக்கு 9,14,400, ஒரு சென்டிமீட்டருக்குச் சரியாக 3,60,000. இரண்டு அளவு முறைகளும் முழு எண்ணாக வகுபட வேண்டும் என்றே தேர்ந்த எண்கள் இவை. 2006-ல் ஈசிஎம்ஏ தரமாகவும் 2008-ல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஏற்கப்பட்ட, வேர்டின் டாக்ஸ் (.docx) கோப்பு வடிவத்தில், வரிக்குள் நிற்கும் படத்துக்கு ஒரு குறியீடும் கட்டப்பட்ட படத்துக்கு வேறு குறியீடும் உண்டு. பக்கத்தோடு மட்டும் கட்டுவதற்கு அந்த வடிவத்தில் வழியே வைக்கப்படவில்லை.

தமிழ் ஆவணத்துக்கென்று இரண்டு தனித் தொல்லைகள் இருக்கின்றன. விண்டோஸின் பழைய தமிழ் எழுத்துருவான லதா, வரிகளுக்கு நடுவே அதிக இடம் எடுக்கும். அதில் ஆங்கிலச் சொல் கலந்தால் வரிகள் ஏற்ற இறக்கமாகத் தெரியும். அதைச் சரிசெய்ய ஆபரேட்டர்கள் வரி இடைவெளியில் ‘எக்ஸாக்ட்லி’ என்பதைத் தேர்ந்து 18 பாயின்ட், 20 பாயின்ட் என்று வைத்துவிடுவது வழக்கம். அந்தப் பத்தியில் படம் செருகினால் படமும் ஓர் எழுத்துதானே. 20 பாயின்ட் உயரத்துக்கு மேல் அதற்கு இடமில்லை. படத்தின் அடிப்பகுதியில் ஒரு கீற்று மட்டும் தெரியும். கோப்பு கெட்டுவிட்டதாக எண்ணிப் படத்தை மீண்டும் மீண்டும் செருகுபவர்கள் உண்டு. அந்த ஒரு பத்தியின் இடைவெளியை ‘சிங்கிள்’ ஆக்கினால் முழுப் படமும் வெளிவரும்.

இரண்டாவது, எழுத்துரு இல்லாத கணினி. வீட்டில் ஓர் எழுத்துருவில் அடித்த கோப்பைப் பென் டிரைவில் ஆவடி கடைக்குக் கொண்டுபோனால், அங்கே அந்த எழுத்துரு இல்லாதபோது வேர்டு வேறொன்றைப் போட்டு நிரப்பும். யூனிகோடு என்றால் எழுத்தாவது வாசிக்கக் கிடைக்கும். ஆனால் சொல்லின் அகலமும் வரியின் எண்ணிக்கையும் மாறும், பத்திகள் பக்கம் தாண்டும், ஆங்கரோடு படங்களும் தாண்டும். பாமினி வகையாக இருந்தால் எழுத்தே ஆங்கிலக் கிறுக்கலாகிவிடும். தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010-ல். அதற்குப் பின்னும் எழுத்துரு வேறுபாட்டால் படம் ஓடுவது நிற்கவில்லை. யூனிகோடு எழுத்தின் குறியீட்டைத்தான் தரப்படுத்தியது, அகலத்தைத் தரப்படுத்தவில்லை.

இனி வேலைகளை எடுத்துக்கொண்டால், திருமண பயோடேட்டாவே படத்துக்கு அதிகச் சுதந்திரம் தரக்கூடியது. ஒரே பக்கம். மேலே நடுவில் பிள்ளையார், வலது மூலையில் புகைப்படம், நடுவில் பெயர், நட்சத்திரம், படிப்பு, சம்பளம், கீழே ராசி, நவாம்சக் கட்டங்கள். ஒரு பக்கத்தைத் தாண்டாத ஆவணத்தில் ஆங்கர் எந்தப் பத்தியில் இருந்தாலும் பெரிய தீங்கில்லை. ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. கடைக்காரர் பழைய கோப்பைத் திறந்து பெயரை மாற்றித்தான் புதியதை உருவாக்குவார். ‘உடன்பிறந்தோர்’ வரியை அழிக்கும்போது புகைப்படத்தின் ஆங்கர் அந்த வரியில் இருந்தால் படமும் போகும். எவரும் அழிக்காத முதல் பத்தியில், அதாவது பிள்ளையாருக்குக் கீழுள்ள தலைப்பில், எல்லாப் படங்களையும் கட்டி ஆங்கரைப் பூட்டிவைத்தால் வருடக்கணக்கில் ஒரே கோப்பு உழைக்கும். ராசிக் கட்டத்தைப் படமாக ஒட்டுவதைவிட அட்டவணையாக வரைவது நல்லது. கிரகங்களை அடுத்த ஜாதகத்துக்கு மாற்றித் தட்டிக்கொள்ளலாம். நடுவிலுள்ள நான்கு கட்டங்களை இணைத்தால் போதும்.

கிரயப் பத்திரம் இதற்கு நேர் எதிர். காலி மனைப் பதிவில் மனையின் புகைப்படத்தைப் புவி ஆயத்தொலைவு விவரத்தோடு ஆவணத்துடன் இணைக்க வேண்டும் என்ற விதி 2023 அக்டோபர் 1 முதல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. மனைப்பிரிவுகள் பெருகிய பூந்தமல்லிப் பக்கத்தில் பத்திர எழுத்தரின் கோப்புக்குள் அதனால் படம் நுழைந்தது. பத்திரத்தின் சொத்து விவரம் கடைசி நிமிடம்வரை மாறும். நான்கு எல்லையில் ஒன்று திருத்தப்படும், சர்வே எண்ணின் உட்பிரிவு சேரும், சாட்சியின் முகவரி நீளும். இங்கே மிதக்கும் படம், அதாவது வரியிலிருந்து விடுவித்த படம், ஆபத்து. கையொப்பத்துக்கு விட்ட இடத்தின்மேல் அது ஏறி நின்றால் பக்கத்தை மறுபடி அச்சிட வேண்டியிருக்கும், முத்திரைத்தாள் என்றால் நஷ்டம் வேறு. புகைப்படத்துக்குத் தனிப் பக்கம், அதற்கு முன் ஒரு பக்க முறிப்பு, படம் வரிக்குள், நடுவில். அழகில்லை, ஆனால் எவ்வளவு திருத்தினாலும் நகராது.

கல்லூரி புராஜெக்ட் ரிப்போர்ட்டின் பாடு வேறு. நான்கு மாணவர்கள் நான்கு இயல்களைத் தனித்தனி மடிக்கணினியில் அடித்து, சமர்ப்பிக்கும் வாரத்தில் ஒரே கோப்பில் ஒட்டுகிறார்கள். ஒருவருடைய படம் வரிக்குள், இன்னொருவருடையது ஸ்கொயர், மூன்றாமவருடையது எழுத்துக்குப் பின்னால். பைண்டிங்குக்காக இடது ஓரத்தை அகலமாக்கியதும் எழுத்தின் அகலம் குறைகிறது, வரிகள் கூடுகின்றன, மிதக்கும் படங்கள் எல்லாம் இடம் பெயர்கின்றன. படத்தின் விளக்கவரி இன்னொரு தொல்லை: வரிக்குள் உள்ள படத்துக்கு ‘இன்சர்ட் கேப்ஷன்’ கொடுத்தால் அது தனிப் பத்தியாக வரும், மிதக்கும் படத்துக்குக் கொடுத்தால் தனி எழுத்துப் பெட்டியாக வரும், படம் ஒரு பக்கமும் விளக்கம் ஒரு பக்கமும் போக வாய்ப்புண்டு. நீண்ட ஆவணத்தில் எல்லாப் படங்களையும் வரிக்குள் வைத்து, படமுள்ள பத்திக்குக் ‘கீப் வித் நெக்ஸ்ட்’ கொடுப்பதே பாதுகாப்பு. இரண்டு படங்களை அருகருகே வைக்க வேண்டுமானால் கோடில்லாத அட்டவணையில் இரண்டு கட்டங்கள் போதும். அட்டவணையின் ‘ஆட்டோமேட்டிக்கலி ரீசைஸ் டு ஃபிட் கன்டென்ட்ஸ்’ தேர்வை நீக்கிவிட வேண்டும், இல்லையேல் பெரிய படம் தன் கட்டத்தை விரித்து மற்றதை நசுக்கும். கணிதம் மிகுந்த துறைகளில் பயன்படும் லேடெக் இந்தப் பொறுப்பை எழுதுபவரிடமிருந்தே வாங்கிக்கொள்கிறது: இங்கே, பக்கத்தின் மேலே, கீழே, தனிப் பக்கத்தில் என்று விருப்பத்தை மட்டும் சொல்லலாம், இடத்தை அது தீர்மானிக்கும். ஆய்வேட்டுக்கு அது நல்லது, பயோடேட்டாவுக்குச் சித்திரவதை.

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் செய்முறைத் தாளில், இயந்திரத்தின் புகைப்படத்துக்கு மேல் அம்புக்குறிகளும் வட்டங்களும் எண்களும் வரவேண்டும். புகைப்படம் வரிக்குள்ளும் அம்பு மிதந்தும் இருந்தால் ஒரு வரி சேர்ந்ததும் அம்பு தவறான போல்ட்டைக் காட்டும். பார்ப்பவர் அதை நம்பித்தான் வேலை செய்வார் என்பதால், இது அழகுப் பிரச்சினையோடு நிற்காது. வரிக்குள் உள்ள படத்தை வடிவங்களோடு ‘குரூப்’ செய்ய வேர்டு அனுமதிக்காது; எனவே முதலில் படத்தை மிதக்கவிட்டு, அம்புகளோடு ஒன்றாகக் கட்டி, பிறகு அந்தக் கட்டு முழுவதையும் வரிக்குள் கொண்டுவர வேண்டும். ‘டிராயிங் கேன்வாஸ்’ விரித்து எல்லாவற்றையும் அதற்குள் வைப்பது இன்னொரு வழி. இத்தகைய தாள்களை எக்செல்லில் செய்யும் பழக்கமும் உண்டு. அங்கே பக்கம் ஓடாது என்பது உண்மை. ஆனால் வரிசையின் உயரத்தை மாற்றினால் படம் நீளுமா, நகருமா, அசையாதா என்ற மூன்று தேர்வில் ஒன்றை அங்கும் செய்தாக வேண்டும்.

எல்லாப் பக்கத்திலும் ஒரே இடத்தில் வரவேண்டிய படத்துக்கு, நிறுவனச் சின்னம், வாட்டர்மார்க் போன்றவற்றுக்கு, இந்த விவாதமே தேவையில்லை. படத்தை ஹெடருக்குள் வைத்தால் உடல் எழுத்து எவ்வளவு ஓடினாலும் அது நகராது. வேர்டில் நிலையான இடத்துக்கு மிக அருகில் வருவது இதுதான்.

பள்ளிப்பாடம் இந்தச் சிக்கலில் ஒரு விசித்திரத்தைச் சேர்க்கிறது. தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளின் கணினி நூல்கள் வெகுகாலம் ஸ்டார் ஆபிஸைக் கற்பித்தன. 2018-ல் வந்த புதிய பாடத்திட்டத்தின் பதினோராம் வகுப்பு ‘கணினிப் பயன்பாடுகள்’ ஓபன் ஆபிஸ் ரைட்டரைக் கற்பிக்கிறது. அந்தக் குடும்பத்தில் (லிப்ரே ஆபிஸும் இதில் சேரும்) ஆங்கர்தான் முதல் கேள்வி: பக்கத்தோடா, பத்தியோடா, எழுத்தோடா, எழுத்தாகவா? ஓபன் ஆபிஸில் செருகிய படம் பத்தியோடு கட்டப்பட்டு, உடனே இழுக்கத் தயாராக இருக்கும். பக்கத்தோடு கட்டினால் எழுத்து எங்கே ஓடினாலும் படம் அந்தப் பக்கத்திலேயே இருக்கும், வேர்டில் இல்லாத வசதி. அம்பத்தூர் பள்ளியில் இதைப் படித்த மாணவர் கடையில் வேர்டைத் திறந்ததும் படம் இழுபடாமல் அடம்பிடிக்கிறது. லிப்ரே ஆபிஸில் கோப்பை டாக்ஸாகச் சேமித்தாலோ பக்கத்தோடு கட்டிய படத்துக்கு அந்த வடிவத்தில் இடமில்லாததால் ஏதாவது பத்தியில் போய் ஒட்டிக்கொள்கிறது. கற்றதும் புழங்குவதும் வேறு வேறு செயலி என்பதை எந்தப் பாடநூலும் அந்த இடத்தில் எச்சரிப்பதில்லை.

கூகுள் டாக்ஸிலும் வரிக்குள், சுற்றிலும், முறித்து, பின்னால், முன்னால் என ஐந்து வகை உண்டு. கடைசி இரண்டும் 2021-ல் சேர்ந்தவை. கைபேசியில் வேர்டின் மொபைல் காட்சி எழுத்தைத் திரையின் அகலத்துக்கு மறுபடி ஓடவிடுவதால், அங்கே பார்த்து இடத்தைச் சரிபார்ப்பது வீண். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான்களுக்கும் மிதக்கும் படம் எந்த வரிசையில் வருகிறது என்பது குழப்பம். வேர்டின் அணுகல்தன்மைச் சோதனையே அதைக் குறையாகக் குறிக்கிறது.

ஆவணம் முடிந்தபின் அதை நகராமல் உறையவைப்பது பிடிஎஃப். அடோபி 1993-ல் வெளியிட்ட அந்த வடிவத்தில் பத்தியும் ஓட்டமும் இல்லை, ஒவ்வோர் எழுத்துக்கும் படத்துக்கும் தாளில் ஓர் இடம் மட்டுமே; எழுத்துருவையும் உள்ளேயே சுமந்து செல்லும். கடைக்காரர் “பிடிஎஃப்-ஆ அனுப்புங்க சார்” என்று கேட்பது இதனால்தான். வேர்டு 2007-க்கு முதலில் தனி இணைப்பாகவும், 2009-ன் சர்வீஸ் பேக் 2-இலிருந்து உள்ளமைந்தும் பிடிஎஃப்-ஆகச் சேமிக்கும் வசதி வந்தது.

கோயில் திருவிழா மலர், கல்யாணப் பத்திரிகை, நினைவஞ்சலி நோட்டீஸ் ஆகியவற்றில் எழுத்தைவிடப் படத்தின் இடமே முக்கியம். இவற்றை வேர்டில் செய்ய முயல்வது, படத்தைச் சுற்றி எழுத்தை அமைக்கும் ஆறு வழிகளையும் ஆங்கரையும் கற்று முடித்தவருக்கும் வீண் வேலை. கோரல்டிரா, இன்டிசைன் போன்றவை பக்கத்திலிருந்து தொடங்குபவை. வேர்டோடு சேர்ந்தே வந்த பப்ளிஷருக்கு 2026 அக்டோபருக்குப் பிறகு ஆதரவு இருக்காது என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்துள்ளது. காசில்லாமல் கிடைக்கும் ஸ்கிரைபஸ், 2024 ஜனவரியில் வந்த 1.6 பதிப்பிலிருந்து இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கிறது. பழைய பேஜ்மேக்கர் ஆபரேட்டருக்கு அதன் திரை அந்நியமாகத் தோன்றாது.